தரைக்கு விலை உண்டு, சுவருக்கு விலை இல்லை
வீட்டுப் பட்டறையை ஒழுங்கு செய்யச் சில வழிகள்



ஆண்டுக்கு ஒரு நாள் நம் கடைகளிலும் பட்டறைகளிலும் ஓர் அதிசயம் நடக்கிறது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் சுத்தியல், ரம்பம், உளி, திருப்புளி, ஸ்பேனர் எல்லாவற்றையும் வெளியே எடுக்கிறோம். தூசி தட்டி, துருவைத் தேய்த்து, எண்ணெய் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாக அடுக்குகிறோம். மூன்று மாதமாகத் தேடிய பத்தாம் நம்பர் ஸ்பேனர் அன்று கிடைக்கிறது. "இது நம்மிடம் இருந்ததா!" என்று நாமே வியக்கிறோம். விஜயதசமி முடிந்ததும் என்ன செய்கிறோம்? எல்லாவற்றையும் வாரிப் பழைய சாக்குப் பைக்குள் போட்டுவிடுகிறோம். அடுத்த அதிசயம் அடுத்த ஆண்டுதான்.

அந்த ஒரு நாள் ஒழுங்கை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ள முடியுமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இரும்புச் சாமான் மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறோம். ஆயினும் இதில் எழுதியிருப்பவற்றில் பாதி, எங்கள் வீட்டில் நாங்கள் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டவை.

எங்கள் கதை

மயிலாப்பூரில் எங்கள் தகப்பனார் கட்டிய வீட்டின் பின்கட்டில் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை இருந்தது. இரும்புக் கடையில் சம்பளத்துக்கு இருந்து, பிறகு சொந்தக் கடை வைத்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த அறையில்தான் இருப்பார். நாற்காலிக்குக் கால் போடுவார், பூட்டைப் பிரித்துப் போடுவார், அண்டை வீட்டார் கொண்டு வரும் இஸ்திரிப் பெட்டியையும் சரி செய்வார். "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவர் காலத்துக்குப் பிறகு வீடு பிரமோட்டர் கைக்குப் போய் அடுக்ககம் ஆயிற்று. எங்கள் பங்குக்கு வந்த பிளாட்டில் பட்டறைக்கு என்று கிடைத்தது, துணி துவைக்கும் பக்கத்தில் ஆறுக்கு எட்டு அடி பால்கனி ஒன்றுதான். தகப்பனாரின் சாமான்கள் நான்கு மரப்பெட்டி. இரண்டு ஆண்டு அவற்றைத் திறக்கவே இல்லை. வீட்டில் ஒரு ஸ்குரூ கழன்றால் கடையிலிருந்து புதுத் திருப்புளி வரும். அது எங்கோ போய்விடும், மறுபடி ஒன்று வரும். பிறகு ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் வீட்டில் ஒரே அளவில் திருப்புளி நான்கு, அளவு டேப் மூன்று. இரும்புக் கடைக்காரனே தன் கடைச் சரக்கைத் தனக்கே மறுபடி மறுபடி விற்றுக்கொண்ட கதை இது.

ஒரு நாள் வீட்டுக்காரம்மா, "இந்தப் பெட்டிகளைக் காயலான் கடைக்குப் போடலாம், இல்லாவிட்டால் பிரித்து மாட்டலாம். இரண்டில் ஒன்று இந்த மாதமே நடக்க வேண்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். தகப்பனார் கைபட்ட இழைப்புளியை எடைக்குப் போட மனம் வரவில்லை. ஆகவே மாட்டத் தொடங்கினோம்.

தரைக் கணக்கும் சுவர்க் கணக்கும்

நாம் வியாபாரிகள். கணக்கில் தொடங்குவோம். சென்னையில் மனையைக் கிரவுண்டுக் கணக்கில் வாங்குகிறோம். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. பிளாட்டைச் சதுர அடிக் கணக்கில் வாங்குகிறோம். தியாகராய நகர் 1920களில் பழைய ஏரிப் படுகையில் மனை பிரித்து உருவான பேட்டை. அன்று தோட்டத்தோடு கட்டிய வீடுகள் நின்ற இடங்களில் இன்று அடுக்ககங்கள் நிற்கின்றன. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இதே கதைதான். தரையின் ஒவ்வோர் அடிக்கும் விலை கொடுத்திருக்கிறோம். சுவருக்கு யாரும் தனி விலை கேட்டதில்லை.

எங்கள் பால்கனியையே பாருங்கள். தரை 48 சதுர அடி. நான்கு பக்கச் சுவரை எட்டடி உயரத்துக்குக் கணக்கிட்டால் 224 சதுர அடி. கிரில் பக்கத்தையும் கதவையும் கழித்தாலும் 150க்குக் குறையாது. மூன்று மடங்கு இடம் சும்மா நிற்கிறது. நாமோ 48 சதுர அடிக்குள் பெட்டி மேல் பெட்டி அடுக்கிக்கொண்டு நிற்கிறோம்.

இது புதுப் பாடமும் இல்லை. பழைய வீடுகளில் சுவரிலேயே மாடம் வைத்துக் கட்டினார்கள். தலைக்கு மேலே பரண் போட்டார்கள். மளிகைக் கடையில் சணல் நூல் உருண்டை உத்தரத்திலிருந்துதான் தொங்கும். கல்லாவில் இருந்தபடியே நுனியை இழுத்துப் பொட்டலம் கட்டுவார்கள். ரங்கநாதன் தெருவில் சிறிய கடைகளைப் பாருங்கள். கூரை வரை சரக்குத் தொங்கும். பையன் கொக்கிக் கம்பால் ஒரே எட்டில் எடுத்துக் கொடுப்பான். கடையில் நமக்குத் தெரிந்த வித்தை வீட்டுக்கு வந்ததும் மறந்துபோகிறது.

முதலில் கழியுங்கள், பிறகு அடுக்குங்கள்

அடுக்கு வாங்குவதற்கு முன் எல்லாச் சாமானையும் ஒரு பழைய போர்வையில் பரப்பி மூன்றாகப் பிரியுங்கள். மாதம் ஒரு முறையாவது கை படுபவை ஒரு பங்கு. ஆண்டுக்கு ஓரிரு முறை எடுப்பவை இரண்டாம் பங்கு. எதற்கு வைத்திருக்கிறோம் என்றே தெரியாதவை மூன்றாம் பங்கு. முதல் பங்கு கைக்கு எட்டும் சுவருக்கு. இரண்டாம் பங்கு பரணுக்கு. மூன்றாம் பங்கில் தேவைப்படுபவருக்குக் கொடுப்பது போக, மிச்சம் காயலான் கடைக்கு.

ஜப்பான் தொழிற்சாலைகளில் இதை ஐந்து எஸ் என்கிறார்கள். கழித்தல், ஒழுங்காக வைத்தல், துடைத்தல், ஒரே முறையாக்கல், அதைப் பழக்கமாக்கல் என்று ஐந்து படி. எல்லாம் ஜப்பானிய மொழியில் "எஸ்" ஓசையில் தொடங்குவதால் அந்தப் பெயர். தரக் கட்டுப்பாட்டுக்கு இதை அடிப்படையாகச் சொல்வார்கள். தரத்துக்கு ஜப்பானில் கொடுக்கப்படும் டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது நம் சென்னைதான். பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் அதைப் பெற்றது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் நாம் செய்வது இந்த ஐந்தில் முதல் மூன்று. கடைசி இரண்டுக்குத்தான் நமக்குப் பொறுமை போதவில்லை.

சுவரைத் தெரிந்துகொண்டு துளையிடுங்கள்

கடைக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி, "நீங்கள் கொடுத்த கொக்கி கழன்று விழுந்துவிட்டது" என்பது. பெரும்பாலும் கொக்கி மேல் குற்றம் இருக்காது. சுவரைப் பார்க்காமல் அடித்திருப்பார்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அதில் ராவல் பிளக் அடித்தால் சாந்து உதிர்ந்து சில நாளில் தளர்ந்துவிடும். அங்கே ஒரே இடத்தில் பாரம் ஏற்றக் கூடாது. சுவரின் நீளத்துக்கு ஒரு ரீப்பர் கட்டையை வைத்து, நான்கைந்து இடத்தில், சாந்தில் படாமல் செங்கல்லில் இறங்கும்படி நீள ஸ்குரூ போட்டு, அந்தக் கட்டையில் மாட்டுவது நல்லது. பாரம் பிரிந்துவிடும்.

அடுக்ககங்களில் தூணும் உத்தரமும் கான்கிரீட். ஆணி வளையும், இறங்காது. ஹேமர் டிரில் வேண்டும். நடுவில் உள்ள தடுப்புச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலம்தான். அதில் கனமான அடுக்கை மாட்டி, பின்பக்க அறையில் பூச்சு விழுந்தால் வீட்டில் சண்டை வரும். உள்ளே பொள்ளலான பிளாக் சுவரானால் அதற்கென்று உள்ள பிளக் கேட்டு வாங்க வேண்டும். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் ஒரு நாளும் துளையிடாதீர்கள்; உள்ளே ஒயர் போகும். குளியலறைப் பக்கச் சுவரில் குழாய் போகும்.

ஒரே பலகையில் ஒரு பட்டறை

நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறோம். எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் ஒன்று, 18 மில்லிமீட்டர் கனம். கடையிலேயே நான்கடிக்கு இரண்டடியாக நான்கு துண்டு போடச் சொன்னோம். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மில்லிமீட்டர் தின்னும். அதைக் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டுக்குள் என்றால் ஐ.எஸ். 303 ரகம் போதும். எங்கள் பால்கனியில் சாரல் அடிக்கும் என்பதால் ஐ.எஸ். 710 என்ற நீர் தாங்கும் ரகம் வாங்கினோம்.

முதல் துண்டு மடக்கு மேஜை. சுவரில் ஒரு கட்டையை மட்டம் பார்த்து இறுக்கி, அதில் கீல் போட்டு மேஜைப் பலகையை மாட்டினோம். முன்பக்கம் கீலில் மடங்கும் இரண்டு கால். வேலை முடிந்ததும் கால் மடங்கிப் பலகை சுவரோடு தொங்கும். எட்டுச் சதுர அடித் தரை திரும்பக் கிடைக்கும். உயரம் அவரவர் உடலுக்கு ஏற்ப. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம், அல்லது அதற்குச் சற்று மேலே. பெரும்பாலோருக்கு 34 அங்குலம் சரியாக இருக்கும். ஓர் எச்சரிக்கை: மடக்கு மேஜையில் பலமாகச் சுத்தியல் அடிக்கும் வேலை ஆகாது. வைஸ் பூட்ட வேண்டுமானால் கால் இருக்கும் மூலையில் பூட்டுங்கள். தட்டுகிற வேலைக்குத் தரைதான்.

இரண்டாம், மூன்றாம் துண்டு ஆணிப் பலகை. இரண்டையும் பக்கம் பக்கமாக மாட்டினால் நான்குக்கு நான்கு அடிச் சுவர்ப் பலகை. இதை நேரே சுவரில் இறுக்காமல், சாய்வு வெட்டுக் கட்டையில் தொங்கவிட்டால் நல்லது. நான்கு அங்குல அகலக் கட்டையை நீளவாட்டில் 45 பாகைச் சாய்வில் இரண்டாக அறுக்க வேண்டும். ஒரு பாதியை, கூர்முனை மேலே பார்த்தும் சுவரை விட்டு விலகியும் இருக்கும்படி சுவரில் இறுக்குங்கள். மறு பாதியைக் கூர்முனை கீழே வரும்படி பலகையின் முதுகில் இறுக்குங்கள். பலகையைத் தூக்கி மாட்டினால் ஒன்றோடு ஒன்று கவ்விக்கொள்ளும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. வீடு மாறும்போது பலகையைக் கழற்றிக்கொண்டு போகலாம்; சுவரில் சில துளைதான் மிஞ்சும்.

பலகையில் சாமானை எப்படி வைப்பது? கீழே படுக்க வைத்து, அதன் மேல் சாமான்களைப் பரப்பி, அடிக்கடி எடுப்பது நடுவில் வரும்படி ஒழுங்கு செய்துவிட்டு, பிறகு ஆணி அடியுங்கள். ஒவ்வொரு சாமானைச் சுற்றியும் பென்சிலால் கோடு வரைந்து அதன் மேல் பெயின்ட் ஓட்டுங்கள். எது இல்லையோ அதன் நிழல் மட்டும் தெரியும். பேரப்பிள்ளைகூட ஒரு பார்வையில், "தாத்தா, குறடு இல்லை" என்று சொல்லிவிடும். இரவல் போன சாமான் திரும்பி வர இதைவிடப் பெரிய ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் ஜூலியா சைல்டு என்ற சமையல் வல்லுநரின் சமையலறையில் அவர் கணவர் பால் சைல்டு இப்படித்தான் சட்டிகளின் உருவத்தைச் சுவர்ப் பலகையில் வரைந்து வைத்திருந்தார். 2001இல் அவர் கொடையளித்த அந்தச் சமையலறை வாஷிங்டனில் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நான்காம் துண்டை ஆறு அங்குல அகலத்தில் நான்கு தட்டுகளாக அறுத்துக்கொண்டோம். குறுகலாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஆழமான தட்டில் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். மறைந்த சாமான் இல்லாத சாமானுக்குச் சமம்.

கொலுப்படி கற்றுத் தந்த அடுக்கு

கனமான சாமானுக்குச் சுவரை நம்பக் கூடாது. அதற்குத் துளையிட்ட கோண இரும்பு அடுக்குத்தான் சரி. இந்தச் சரக்கை நாம் எல்லோரும் விற்கிறோம். பிறந்த கதை பலருக்குத் தெரியாது. சிட்னியில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து லண்டனில் அச்சகம் நடத்தியவர் டெமெட்ரியஸ் கொமினோ. அச்சகத்துக்கு அடுக்கு செய்வதும், தேவை மாறியதும் உடைத்து வேறு செய்வதுமாக அலுத்துப்போய், பிரித்து மறுபடி பூட்டக்கூடிய துளைக் கோணத்தை உண்டாக்கினார். 1947இல் டெக்சியான் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

மயிலாப்பூரில் அது கொலுப்படியாகவும் ஆகிவிட்டது. நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் வரும்போது, படிகளுக்கான கோணமும் போல்ட்டும் கேட்டு வருவார்கள். எங்கள் பக்கத்து பிளாட் மாமி வீட்டில் ஒன்பது படி. பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதே சட்டங்கள் நெருக்கமாகப் பூட்டப்பட்டுப் பரணுக்குப் போய்விடும். அதைப் பார்த்து நாங்கள் எங்கள் அடுக்கையும் படிபோலவே பூட்டினோம். கீழ்த் தட்டு ஆழமாக, மேலே போகப் போகக் குறுகலாக. கீழே கனம், மேலே லேசு. எதுவும் எதையும் மறைக்காது. மாமி எட்டிப் பார்த்து, "கிரீஸ் டப்பாவுக்குக் கொலு வைத்த முதல் ஆள் நீங்கள்தான்" என்றார்.

இப்படிப்பட்ட அடுக்கை, எவ்வளவு கனமானாலும், மேல் முனையில் ஓர் இடத்திலாவது சுவரோடு இறுக்கிவிட வேண்டும். குழந்தைகள் ஏறுவார்கள்.

அஞ்சறைப் பெட்டி

ஸ்குரூ, வாஷர், ஆணி, பிளக் போன்ற பொடிச் சாமான்தான் பட்டறையின் பெரிய தலைவலி. இதற்கு நம் வீட்டுப் பெண்கள் எந்தக் காலத்திலோ வழி கண்டுவிட்டார்கள். கடுகும் சீரகமும் வெந்தயமும் கலக்காமல், மூடியைத் திறந்ததும் எல்லாம் ஒரே பார்வையில் தெரிய, ஒரு கையில் தூக்கி அடுப்படிக்குக் கொண்டு போக, அஞ்சறைப் பெட்டிக்கு மேல் என்ன வேண்டும்? எங்கள் வீட்டுக்காரம்மா ஒதுக்கிய பழைய மரப்பெட்டி ஒன்றில் இன்று ஐந்து அளவு ஸ்குரூ இருக்கிறது.

மிச்சத்துக்குப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள். தட்டின் அடிப்பக்கத்தில் மூடியை ஸ்குரூவால் இறுக்கிவிட்டால் பாட்டிலைத் திருகிக் கழற்றலாம். ஒரு ஸ்குரூ போட்டால் மூடியும் சேர்ந்து சுற்றும், இரண்டு போடுங்கள். கண்ணாடியானால் தலைக்கு மேல் வேண்டாம், பிளாஸ்டிக்கே நல்லது. பி.வி.சி. குழாயைச் சாய்வாக நறுக்கிச் சுவரில் பூட்டினால் உளியும் அரமும் தனித்தனியே நிற்கும். ஒன்றோடு ஒன்று உரசி முனை மழுங்காது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று தட்டோரத்தில் இருந்தால், வேலை நடுவில் கழற்றிய ஸ்குரூ உருண்டு ஓடாது.

மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர்வாசிகளுக்கு ஒரு வார்த்தை. கடற்காற்று இரும்பைத் தின்னும். தொங்கவிட்ட சாமானுக்கு மாதம் ஒரு முறை மெஷின் எண்ணெய்த் துணியால் ஓர் ஒத்தடம் போதும். நுணுக்கமான அளவு கருவிகளை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

தண்ணீரும் நெருப்பும்

இதுவரை எழுதியது வசதிக்காக. இனி எழுதுவது பிழைப்புக்காக.

சைதாப்பேட்டையில் ஆற்றோரம் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்த மோட்டார் மெக்கானிக் ஒருவர் எங்களுக்கு நெடுநாள் வாடிக்கை. பகலில் அந்த அறைதான் பட்டறை, இரவில் அதுவே குடும்பம் படுக்கும் இடம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாறு கரை மீறியது. செம்பரம்பாக்கம் ஏரியின் தண்ணீரும் பெருமழையும் சேர்ந்து சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கின. அவர் மனைவி மக்களோடு மாடி வீட்டுக்காரரிடம் ஏறி உயிர் தப்பினார்.

தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தார். பற்று நோட்டில் அவர் பேரில் பாக்கி இருந்தது. அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் ஒரு பிளாஸ்டிக் பையை மேஜை மேல் வைத்தார். உள்ளே ஸ்பேனர் செட், ஒரு மல்டிமீட்டர், புல்லர், இரண்டு திருப்புளி.

"அண்ணாச்சி, தரையில வச்சதெல்லாம் போச்சு. டிரில் மிஷினு, காயில் சுத்துற மிஷினு, ரிப்பேருக்கு வந்த மோட்டாரு, எல்லாம் சேறு. ஆணியில தொங்குனது மட்டும்தான் மிச்சம்" என்றார்.

அந்த அறையில் தண்ணீர் இடுப்பளவு நின்றிருக்கிறது. இடம் போதாததால் சில சாமான்களை நெஞ்சு உயரத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். திட்டமிட்டு மாட்டவில்லை. அவைதான் பிழைத்தன. நகரம் முழுவதும் தண்ணீர் மோட்டார்கள் கெட்டுக் கிடந்த நேரம் அது. அந்தப் பையில் இருந்ததை வைத்துக்கொண்டே மறுநாள் வேலைக்குப் போனார். தை பிறப்பதற்குள் மற்ற சாமான்களையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டார். பாக்கியையும் ஆறு மாதத்தில் தீர்த்துவிட்டார்.

எங்கள் கிடங்கிலும் அந்த மழையில் கீழ் வரிசைப் பிளைவுட் ஊறிப் பிரிந்துவிட்டது. அடிக்கட்டை போடாமல் தரையோடு அடுக்கியது எங்கள் சோம்பல்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது எங்கள் சரக்குத் தரையிலிருந்து இரண்டடி மேலே இருந்தது. ஆகவே விதி ஒன்று: மோட்டார், மின் கருவி, பேட்டரி எதுவும் மூன்றடிக்குக் கீழே வேண்டாம். தரையில் இருக்கலாம் என்றால், நனைந்தாலும் கெடாத கல், இரும்புத் துண்டு, பிளாஸ்டிக் வாளி மட்டும். மரத்தைத் தரையில் வைத்தால் தண்ணீர் வராத ஆண்டில் கரையான் வரும்.

நெருப்புக்கு இதைவிடக் கண்டிப்பான விதி. தின்னர், டர்பன்டைன், பெயின்ட் இவற்றை மாடிப்படிக்கு அடியில் வைப்பது நம் ஊர் வழக்கம். பல அடுக்ககங்களில் அதே இடத்தில்தான் மின் மீட்டர்களும் இருக்கும். ஒரு பொறி போதும். வெளியேறும் வழியும் அதுவே. தின்னரை அரை லிட்டருக்கு மேல் வீட்டில் வைக்காதீர்கள். அதையும் இறுக மூடிய டின்னில், அடுப்புக்கும் சுவிட்சுக்கும் எட்டத்தில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காய்கிறபோது சூடு உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியின்றித் தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப் போட வேண்டும், அல்லது தண்ணீரில் ஊற வைத்து அப்புறப்படுத்த வேண்டும். 2017 மே 31ஆம் தேதி தியாகராய நகர் உஸ்மான் சாலையில் பல மாடி ஜவுளிக் கடை எரிந்ததையும், கட்டடமே இடிக்கப்பட்டதையும் நாம் கண்ணால் பார்த்தவர்கள். அவ்வளவு பெரிய கடைக்கே அந்தக் கதி.

நம் கடைக்கு என்ன லாபம்?

வீட்டுப் பட்டறையைப் பற்றிச் சங்க இதழில் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்று பிளாஸ்டிக் டப்பா, கொக்கி, மடக்கு அடுக்கு எல்லாம் கைப்பேசியில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வருகிறது. விலையில் நாம் அவர்களோடு எல்லா நாளும் போட்டி போட முடியாது. ஆனால், "உங்கள் சுவர் என்ன சுவர்?" என்று கேட்க அவர்களால் முடியாது. பலகையை அளவுக்கு அறுத்துக் கொடுக்க முடியாது. தவறான அளவை மறுநாள் காலையில் மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

சில்லறைக் கடை அன்பர்களுக்கு எங்கள் யோசனை இது. ஆறு கொக்கி கேட்டு வருபவரிடம் எதற்கு என்று கேளுங்கள். இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, நீள அகலம் குறித்து வரச் சொல்லுங்கள். ஒரு பிளைவுட், நான்கு ரீப்பர், கீல், பிளக், ஸ்குரூ, கொக்கி எல்லாம் சேர்த்து ஒரு கட்டாகக் கொடுங்கள். வாடிக்கையாளருக்கு நான்கு முறை அலைச்சல் மிச்சம், உங்களுக்கு ஒரு பில்லில் ஆறு சரக்கு. அவருக்குத் தேவையில்லாததை வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் மறுபடி நம் கடைக்கு வருவார்.

அதோடு கடையின் மூன்றாம் பங்கையும் கழியுங்கள். எங்கள் வீட்டில் திருப்புளி நான்கு சேர்ந்ததைப் போல, கடையிலும் இருக்கும் சரக்கையே இல்லை என்று நினைத்து மறுபடி கொள்முதல் செய்கிறோம். தேங்கிய சரக்கு என்பது தூங்குகிற முதல். அதற்கு வட்டி மட்டும் தூங்குவதில்லை.

சென்ற ஆயுத பூஜைக்கு எங்கள் பால்கனியில் வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. பலகையில் மாட்டியிருந்தபடியே துடைத்து, தகப்பனாரின் இழைப்புளிக்கு முதலில் பொட்டு வைத்தோம். மறுநாள் எதையும் மூட்டை கட்டவும் இல்லை.

வரும் ஆயுத பூஜைக்குச் சாமான்களைப் பரப்பும்போது, அன்பர்கள் பக்கத்தில் ஒரு பென்சிலும் அளவு டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பச் சாக்குக்குள் போடுவதற்கு முன் சுவரை ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள்.